"இந்த வயசுல இதெல்லாம் எதுக்கும்மா"ன்னு மகன் கேக்குறான், நான் என்ன சொல்ல?

வந்த கடிதத்த கொஞ்சம் சுருக்கி போடுறேன், அடையாளம் தெரியாம இருக்க ஒன்னு ரெண்டு விஷயத்த எடுத்துட்டேன்.

"டொக்டருக்கு வணக்கம். நான் சொல்லச் சொல்ல பேத்தி டைப் பண்ணுது. எனக்கு 66 வயசு, பொகவந்தலாவ பக்கம் தோட்டம். கொழுந்தெடுத்தேன், கடைசியா கொஞ்ச வருஷம் இஸ்டோர்லயும் (தேயில பெக்டரி) வேல செஞ்சேன். வீட்டுக்காரர் தவறிட்டாரு. லயத்த விட்டுட்டு இப்ப தனி வீட்டுக்கு வந்துட்டோம். மகன் கொழும்புல, மருமக குவைத்துல, வீட்ல நானும் பேத்தியும்தான். கொஞ்ச நாளா எதப் பாத்தாலும் ஏன், எப்படின்னு கேக்கணும் போல இருக்கு. போன்ல மருமக மூஞ்சி எப்படி தெரியுதுன்னு கேட்டா பேத்தி சிரிக்குது. பஞ்சம் முடிஞ்சு ஒன்னு ரெண்டு வருஷத்துல என் கூட்டாளி ஒருத்தி குடும்பத்தோட இந்தியாவுக்கு போய்ட்டா. அவ இருக்காளா இல்லையான்னு தேடணும். நான் மூனாங்கிளாஸ் வரைக்கும்தான், எழுத்துக் கூட்டி வாசிப்பேன், நல்லா வாசிக்கவும் பழகணும். மகன் சொல்றான், சாமியக் கும்புட்டுட்டு சும்மா இரும்மா, இந்த வயசுல இதெல்லாம் எதுக்குன்னு. சொன்னதையே திருப்பி திருப்பி கேக்குறேனாம். பேரெல்லாம் மறந்து போகுது. பக்கத்து வீட்டு அக்கா இது மறதி வியாதியோட ஆரம்பம்னு சொல்லுது, பயமா இருக்கு. எனக்கு வந்திருக்கிறது வியாதியா ஆசையா? இன்னொன்னு, விரதம் இருக்கிற நாள்ல பிரஷர் குளிசைய விடலாமா?"

அதுக்கு கீழ பேத்தி தனியா ரெண்டு வரி போட்டிருக்கு: "அப்பாயி டீவி சத்தத்த மிச்சம் கூட்டி வைக்கிறாங்க. இத நான் அவங்களுக்கு தெரியாம எழுதுறேன்."

அம்மா, பேத்தி தெரியாம எழுதுன அந்த ரெண்டு வரியிலதான் எனக்கு பாதி பதில் கிடைச்சுச்சு, அதனால அது மேல கோவப்படாதீங்க. ஒரு கடிதத்த மட்டும் வச்சு வியாதி இருக்கு இல்லன்னு எந்த டொக்டராலயும் சொல்ல ஏலாது, நேர்ல பாக்கணும். ஆனா இஸ்டோர்ல வேல செஞ்சேன்னு நீங்க சொல்றீங்க, டீவி சத்தம் கூடுதுன்னு அது சொல்லுது, சொன்னதையே திருப்பிக் கேக்குறீங்கன்னு மகன் சொல்றாரு, மூனையும் பக்கத்துல பக்கத்துல வச்சுப் பாத்தா எனக்கு மூளைக்கு முன்னாடி காதுதான் ஞாபகத்துக்கு வருது. மெஷின் ரோதை ஓடுற சத்தத்துக்குள்ள வருஷக்கணக்கா நின்னவங்களுக்கு காது மங்குறது ஆச்சரியமே இல்ல, அதோட வயசும் சேருது. இதுல ஒரு குழப்பம் என்னான்னா காது சுத்தமா கேக்காம போறதில்ல. சத்தம் கேக்கும், பேச்சு புரியாது. வயசுக்கு முதல்ல போறது உச்சத்துல இருக்கிற மெல்லிய சத்தங்கள், எழுத்துக்கு எழுத்து வித்தியாசம் காட்டுறது அதுகதான், அதனால கட்டு, தட்டு, பட்டு மூனும் உங்களுக்கு ஒன்னு போலத்தான் விழும். மகன் கொழும்புல இருந்து போன்ல அவசரமா கதைப்பாரு, பாதி விழாது, என்னாப்பான்னு திருப்பி கேப்பீங்க, அவருக்கு அது மறதியா தெரியும்.

இத வீட்லயே கொஞ்சம் சோதிச்சு பாக்கலாம். பேத்தி உங்க முன்னாடி வந்து உக்காந்து, டீவிய நிப்பாட்டிட்டு, கத்தாம நிதானமா ஒரு விஷயத்த சொல்லட்டும். அப்படி சொன்னத நீங்க திருப்பி கேக்கலன்னா காதுப் பக்கம்தான் கோளாறு அதிகம். நல்லா கேட்டு பதிலும் சொல்லிட்டு, பத்து நிமிஷத்துல கேட்ட ஞாபகமே இல்லாம அதையே மறுபடி கேட்டா அது வேற விஷயம், அத சும்மா விடக்கூடாது. நாளாந்தம் போற பாதையில வழி தெரியாம நிக்கிறது, அடுப்புல வச்சத அடிக்கடி மறந்து கருக்கிறது, எப்பவும் சரியா சில்லறை எண்ணுறவங்க காசுக்கணக்குல தடுமாறுறது, ஆளோட குணமே மாறிப்போறது, இதெல்லாம் தெரிஞ்சா தள்ளிப்போடாம காட்டுங்க. எதிர்ல வர்ற ஆளோட பேரு நாக்கு நுனியில நின்னுக்கிட்டு அவங்க போன பிறகு வர்றது எனக்கும்தான் இருக்கு, எனக்கு உங்கள விட வயசு குறைவு.

கிளினிக்குக்கு போகும்போது காதையும் பாக்கச் சொல்லி கேளுங்க. சில பேருக்கு உள்ள அழுக்கு அடைச்சிருக்கும், அத எடுத்தாலே பாதி சரி. நெருப்புக்குச்சி, தேங்காண்ணெய், ஊக்கு ஒன்னும் உள்ள விடாதீங்க. அழுக்கு இல்லன்னா ஈஎன்டிக்கு லெட்டர் கேளுங்க, நுவரெலியா இல்லாட்டி கண்டி. அதோட தைராய்டு, பி12, ரெண்டையும் இரத்தத்துல பாத்தா நல்லது, இது குறைஞ்சாலும் மறதி வரும், மருந்துக்கு சரியாகும். தடிமனுக்கும் கடிக்கும் நம்ம ஆளுங்க மிட்டாய் மாதிரி போடுற பிரிட்டன் (Piriton) குளிசை இருக்கே, வயசானவங்களுக்கு அது தலைய மந்தமாக்கி ஞாபகத்த குழப்பும், அத வீட்ல வச்சு இஷ்டத்துக்கு போடுறீங்கன்னா நிப்பாட்டிட்டு கிளினிக்ல சொல்லுங்க. இன்னொன்னு நீங்க எழுதல, நானா கேக்குறேன். வீட்டுக்காரர் போன பிறகு ராத்திரி தூக்கம் வருதா? சாப்பாடு இறங்குதா? துக்கமும் மறதி வேஷம் போட்டுக்கிட்டு வரும். கதைக்க ஆள் வேணும்னா 1926ன்னு ஒரு நம்பர் இருக்கு, அங்கொடை மனநல நிறுவனத்தோடது.

காது விஷயத்துல நான் இவ்வளவு பிடிவாதமா நிக்கிறதுக்கு காரணம் இருக்கு. 2024ல லேன்செட் மருத்துவ சஞ்சிகையோட ஆணைக்குழு ஒன்னு, மறதி நோயில கிட்டத்தட்ட 45 வீதத்த தடுக்கவோ தள்ளிப்போடவோ ஏலும்னு சொல்லி 14 காரணங்கள அடுக்குச்சு. அதுல பெரிய பங்கு உள்ளதுகள்ல ஒன்னு காது கேளாம, அத விட்டா கெட்ட கொலஸ்ட்ரோல். பிரஷர், சீனி வருத்தம், பார்வை குறையிறது, ஆள் தொடர்பு இல்லாம தனிச்சுப் போறது எல்லாம் அந்த லிஸ்ட்ல இருக்கு. காது கேக்காதவங்க கல்யாண வீட்லயும் கோயில்லயும் மெதுவா ஒரு ஓரமா ஒதுங்குவாங்க, தப்பா விளங்கி ஏதாவது சொன்னா சிரிப்பாங்களேன்னு பயம், அப்படியே பேச்சு குறையும். நீங்க ஒதுங்கல, திருப்பி கேக்குறீங்க. எரிச்சல் படுறவங்க படட்டும், கேளுங்க.

படிப்பு குறைவா இருக்கிறதும் அந்த 14ல ஒன்னு, இத மறைக்க மாட்டேன். மூனாங்கிளாஸோட நின்னது உங்க குத்தமில்ல, அந்தக் காலத்து தோட்டப் பள்ளிக்கூடம் எப்படி இருந்துச்சுன்னு எனக்கு தெரியும், நானும் லயத்துல பொறந்தவன்தான். ஆனா உங்க பக்கமும் ஒரு பலம் இருக்கு. ஹைதராபாத்ல நிஸாம்ஸ் ஆஸ்பத்திரில மறதி நோய் வந்த 648 பேர பாத்து 2013ல ஒரு ஆய்வு போட்டாங்க, டொக்டர் சுவர்ணா அல்லாடியும் கூட இருந்தவங்களும் செஞ்சது. ஒரு பாஷை மட்டும் கதைக்கிறவங்கள விட ரெண்டு பாஷை கதைக்கிறவங்களுக்கு அந்த நோய் நாலரை வருஷம் பிந்தித்தான் வந்திருக்கு, அதுவும் எழுத்தே தெரியாதவங்க மத்தியிலயும் அந்த வித்தியாசம் தெரிஞ்சிருக்கு. பொகவந்தலாவ டவுன் கடையில நீங்க சிங்களத்துல வெல பேசித்தானே சாமான் வாங்குவீங்க? பஸ்ல கொந்தாத்தர்கிட்ட மீதிக்காசு கேட்டு சண்ட பிடிச்சதும் சிங்களத்துலதானே? இத யாரும் படிப்புன்னு கணக்குல எடுக்கல, உங்க மூளை எடுத்திருக்கும்.

வயசு போனா மூளை மெதுவாகுறது உண்மை. கொழும்புல இருந்து பதுளைக்கு வர்ற கோச்சி நாவலப்பிட்டி தாண்டுன பிறகு எப்படி முக்கி முக்கி ஏறுது, அப்படித்தான், ஆனா அது மலை உச்சியில இருக்கிற பட்டிப்பொளைக்கும் போய்ச் சேருது. பேத்தி போன்ல ஒரு தரம் பாத்து பழகுறத நீங்க பல தரம் பாக்கணும், அவ்வளவுதான் வித்தியாசம். எழுதி வச்சுப் பாருங்க, எழுத கஷ்டம்னா படம் போட்டு வைங்க.

இப்ப "ஆசையா"ன்னு கேட்டீங்களே, அதுக்கு வர்றேன். 2014ல கலிபோர்னியாவுல ஒரு ஆராய்ச்சி செஞ்சாங்க. ஆட்கள்கிட்ட கேள்விகளக் குடுத்து, பதில் வர்றதுக்கு முன்னாடி இடையில சம்பந்தமே இல்லாத மூஞ்சிகளோட படத்த காட்டுனாங்க. பதில தெரிஞ்சுக்க ரொம்ப ஆசையா இருந்த நேரத்துல காட்டுன மூஞ்சிகளும் பிறகு அவங்களுக்கு நல்லா ஞாபகம் இருந்துச்சு. ஆசை வந்தா மூளை கதவத் திறந்து வைக்கும், அந்த நேரம் பக்கத்துல போறதும் சேந்து உள்ள வரும். பிறகு வயசானவங்கள வச்சும் பாத்தாங்க, ஆசைப்பட்டு தெரிஞ்சுக்கிட்டது அவங்களுக்கும் நல்லா நின்னுச்சு. அதனால பேரு ஞாபகம் நிக்கலன்னு கவலப்படுற உங்களுக்கு நான் எழுதித் தர்ற மருந்துல இந்த ஆசையும் ஒன்னு, இத நிப்பாட்டச் சொன்னா நான் டொக்டரே இல்ல.

என் கிளினிக்குக்கு ஓய்வு பெற்ற கங்காணி ஒருத்தரு வருவாரு, எழுபது தாண்டிட்டாரு. பிரஷர் பாக்கும்போதெல்லாம் அந்தக் குழாயில அப்படி என்னதான்யா கேக்குதுன்னு கேப்பாரு. ஒரு நாள் கூட்டம் குறைவு, சரின்னு குழாய அவரு காதுல மாட்டி, கையில பட்டிய இறுக்கி, காத்த மெதுவா விட்டேன். முள்ளு இறங்குது, அவரு மூச்ச பிடிச்சுக்கிட்டு உக்காந்திருக்காரு, ஒரு இடத்துல "இந்தா, தட்டுது"ன்னாரு. நான் அந்த நம்பர காட்டுனேன். தட்டிக்கிட்டே வந்து கொஞ்சம் கீழ போனதும் "நின்னுருச்சே"ன்னு பதறிப்போய் என் மூஞ்சிய பாத்தாரு, ஏதோ தன் நெஞ்சுதான் நின்ன மாதிரி. ரத்தம் நெரிபட்டு போகும்போது தட்டும், தாராளமா ஓட ஆரம்பிச்சா சத்தம் இல்லாம போயிரும், தட்ட ஆரம்பிச்சது மேல் நம்பர், நின்னது கீழ் நம்பர்னு சொன்னேன். அடுத்த கிளினிக் நாள்ல பாத்தா மனுஷன் வெளிய வாங்குல உக்காந்து எல்லாருடைய கொப்பியையும் வாங்கி மேல் நம்பர் கீழ் நம்பருக்கு விளக்கம் குடுத்துக்கிட்டிருக்காரு. ஒரு அம்மா, மாசக்கணக்கா குளிசைய போட்டேன் போட்டேன்னு என்கிட்ட பொய் சொன்னவங்க, உள்ள வந்து, ஐயா என் மேல் நம்பர் ஏன் இவ்வளவு கூட இருக்குன்னு அவங்களாவே கேட்டாங்க. நான் வருஷக்கணக்கா தொண்டை வத்த சொல்லியும் நடக்காதது அது. கங்காணியாரு ஒன்னும் சேவை செய்யணும்னு கிளம்பல, அவருக்கு தெரிஞ்சத வச்சுக்கிட்டு சும்மா இருக்க ஏலல.

உங்க வீட்டு விஷயத்தையும் நான் இதோட சேத்துத்தான் பாக்குறேன். லயம் நல்லதுன்னு சொல்ற ஆள் நானில்ல, ஒழுகுற தகரமும் புகையும் ஒரே காம்பராவுல ரெண்டு குடும்பமும், அத இனிக்க இனிக்க எழுதுறவங்க ஒரு மழைக்காலம் அங்க படுத்துப் பாக்கணும். 7 பேர்ச் காணியில தனி வீடு வந்தது நம்ம உரிமை. ஆனா லயத்துல சுவருக்கு அந்தப் பக்கம் ஒருத்தி இருமினா இந்தப் பக்கம் சுடுதண்ணி வைப்பாங்க, யார் வீட்ல ரொட்டி, யார் வீட்ல சண்டன்னு கேக்காமலே தெரியும். தனி வீட்டுக்கு வந்த வயசானவங்க பல பேரு என்கிட்ட நெஞ்சு படபடப்பு, தூக்கமில்லன்னு வர்றாங்க, சோதிச்சா பெருசா ஒன்னும் இருக்காது. சத்தம் நின்னுபோச்சு, அதுதான். நீங்க எதையாவது கேட்டுக்கிட்டே இருக்கணும் போல இருக்குன்னு எழுதுனத வாசிச்சப்ப எனக்கு இதுவும் மனசுல ஓடுச்சு, கேள்வி கேட்டாதானே எதிர்ல ஒரு ஆள் இருந்து பதில் சொல்லணும். அதனால எல்லாக் கேள்வியையும் பேத்தி தலையில போடாதீங்க, அது படிக்கிற புள்ள. கிராம சேவகர் பிரிவுல முதியோர் சங்கம் இருக்கான்னு விசாரிங்க, இருந்தா போய் சேருங்க, அறுபது தாண்டுனவங்களுக்கு முதியோர் அடையாள அட்டையும் இருக்கு, பிரதேச செயலகத்துல எடுக்கலாம்.

சரி, கூட்டாளி.

பஞ்சத்துக்கு பிறகுன்னா 75, 76 மாதிரி இருக்கும். 1964 ஒக்டோபர்ல இலங்கை பிரதமர் சிறிமாவும் இந்திய பிரதமர் சாஸ்திரியும் கையெழுத்து போட்ட ஒப்பந்தத்துல நம்ம ஆளுங்கள 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இங்கன்னு ஆட்டுமந்தை மாதிரி பிரிச்சாங்க, உங்க கூட்டாளிய அந்தக் கணக்குலதான் கோச்சி ஏத்தியிருப்பாங்க. கோச்சியில தலைமன்னார், அங்கருந்து கப்பல்ல ராமேஸ்வரம், பிறகு மண்டபம் முகாம். அங்கருந்து எங்க அனுப்புனாங்கங்கிறதுதான் நீங்க தேட வேண்டிய முடிச்சு. நிறைய பேரு நீலகிரிக்கு போனாங்க, கோத்தகிரி, குன்னூர், கூடலூர், பந்தலூர் பக்கம். திரும்பி வந்தவங்களுக்கு வேல குடுக்கவே தமிழ்நாட்டு அரசாங்கம் 1968ல தேயிலைத் தோட்டம் ஆரம்பிச்சுச்சு, டேன்டீன்னு கேட்டா அங்க எல்லாருக்கும் தெரியும். சில பேர கேரளாவுல புனலூர், கர்நாடகாவுல சுள்ளியா பக்கம் ரப்பர் தோட்டத்துக்கு அனுப்புனாங்க, சில பேர ஆந்திராவுல பஞ்சு மில்லுக்கு. யாவாரக் கடன்னு சின்னதா காசு வாங்கிக்கிட்டு பாட்டன் ஊருக்கு போனவங்களும் இருக்காங்க.

பேத்தி, இது உனக்கு. பேர மட்டும் போட்டு தேடுனா ஆயிரம் பேர் வருவாங்க. அப்பாயிகிட்ட உக்காந்து இதெல்லாம் கேட்டு எழுது: கூட்டாளியோட அப்பா அம்மா பேரு, கூடப் பொறந்தவங்க பேரு மூத்ததுல இருந்து வரிசையா, தோட்டத்துக்கு பேரு, டிவிஷன், எத்தனாவது லயம், அப்ப இருந்த கங்காணி யாரு, அவங்க பாட்டன் எந்த ஊர்ல இருந்து வந்தாருன்னு வீட்ல சொல்லுவாங்களே அந்த ஊரு. பட்டப்பேரு இருந்தா கட்டாயம் எழுது, தோட்டத்து ஆளுங்க அம்பது வருஷம் கழிச்சும் பட்டப்பேரத்தான் ஞாபகம் வச்சிருப்பாங்க. அப்புறம் அப்பாயிய கதைக்க விட்டு வொய்ஸ்ல பிடி, நீலகிரி பக்கம் இருக்கிற நம்ம ஆளுங்களோட பேஸ்புக், வட்ஸ்அப் குரூப்புகள்ல அந்த வொய்ஸையே போடு, இந்தத் தோட்டத்து பேச்ச கேட்டா அங்க இருக்கிற கிழவிமார் யாராவது ஒருத்தர் எழும்பி உக்காருவாங்க. போன் நம்பர மட்டும் பொதுவுல போடாத, தனியா வர்றவங்களுக்கு குடு. "அவங்கள தெரியும், காசு அனுப்புங்க, கண்டுபிடிச்சு தர்றேன்"னு எவனாவது சொன்னா உடனே பிளொக்.

அம்மா, ஒரு விஷயம் முன்கூட்டியே சொல்லணும். அவங்க இல்லன்னு செய்தி வரலாம். இருந்தும் உங்கள ஞாபகமில்லாம இருக்கலாம். அங்க போனவங்க பட்ட பாடும் கொஞ்சமில்ல, அந்தக் கதைய கேக்க உங்களுக்கு கஷ்டமா இருக்கும், நாம தப்பிச்சோமேன்னு கூட தோணும், அப்படித் தோணுறது பாவமில்ல. எது வந்தாலும் அந்த நாள்ல தனியா இருக்காதீங்க, பக்கத்து வீட்டு அக்காவ கூப்பிட்டு உக்கார வைங்க. வியாதின்னு பயங்காட்டுனாலும் அவங்கதான் உங்கள நாளாந்தம் கவனிச்சு பாக்குற ஆளு. அவங்க குடும்பத்துல இருந்தும் யாராவது போயிருப்பாங்க, கேட்டுப் பாருங்க, மலையகத்துல அப்படி ஒருத்தரும் போகாத குடும்பம் கொஞ்சம்தான்.

மகனப் பத்தி. அவரு கெட்டவரு இல்ல, அம்மா அலையக்கூடாது, யாரும் சிரிக்கக்கூடாதுன்னு நினைக்கிறாரு. ஆனா "இந்த வயசுல எதுக்கு" அப்படிங்கிறத நாளாந்தம் கேட்டுக்கிட்டே இருந்தா நாமளே நம்ப ஆரம்பிச்சிருவோம், அதுதான் எனக்கு பயம். அமெரிக்காவுல ஓஹாயோவுல 660 பேர வருஷக்கணக்கா தொடர்ந்து பாத்த ஒரு ஆய்வு 2002ல வந்துச்சு, தன்னோட முதுமைய நல்லவிதமா நினைச்சவங்க, அப்படி நினைக்காதவங்கள விட சராசரியா ஏழரை வருஷம் கூட வாழ்ந்திருக்காங்க. இத மகனுக்கு வாசிச்சுக் காட்டுங்க, நீங்களே வாசிச்சுக் காட்டுனா இன்னும் நல்லது.

வாசிக்கப் பழகுறதுக்கு முன்னாடி கண்ணக் காட்டுங்க, எழுத்து தெரியலங்கிறது பாதி நேரம் வெள்ளெழுத்தா இருக்கும், இல்லாட்டி கண்ணுல பூ விழுந்திருக்கும், அரசாங்க ஆஸ்பத்திரியில காசில்லாம பாக்கலாம். பாலர் புத்தகத்த எடுத்து அணில் ஆடுன்னு ஆரம்பிக்க வேணாம், உங்களுக்கு அலுத்துரும். மருமக குவைத்துல இருந்து அனுப்புற மெசேஜ பேத்திய வாசிக்க விடாம நீங்க கூட்டி வாசிங்க, பேத்தி திருத்தட்டும். பதிலும் நீங்களே டைப் பண்ணி அனுப்புங்க, பிழை வந்தா வரட்டும். மூஞ்சி எப்படி போன்ல தெரியுதுங்கிற கேள்விய பேத்தியோட விஞ்ஞான டீச்சர்கிட்ட கேளுங்க, உண்மையா சொன்னா அத விளங்குற மாதிரி சொல்ல என்னாலயும் ஏலாது.

குளிசை விஷயம்: பிரஷர் குளிசைய விரதம்னு விடாதீங்க, கொஞ்சம் தண்ணியோட போடுறதால விரதம் முறியாது, சந்தேகம்னா பூசாரிகிட்ட கேளுங்க, அவருக்கும் பிரஷர் இருக்கும். சீனிக்கும் குளிசை எடுக்குறீங்கன்னா அது வேற கதை, சாப்பிடாம அதப் போட்டா சில குளிசைக்கு சீனி திடீர்னு இறங்கி மயக்கம் வந்திரும், அதனால விரதத்துக்கு முன்னாடியே கிளினிக் கொப்பிய எடுத்துக்கிட்டு போய் எத, எப்ப போடணும்னு கேட்டு எழுதி வாங்கிக்குங்க.